629001: ஒரு பெரிய எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

எண்களைப் பற்றி நம் ஊரில் பேச்சுக்குக் குறைவே இல்லை. புது வண்டி வாங்கினால் டிஎன் 74-க்கும் டிஎன் 75-க்கும் பின்னால் வருகிற இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார்கள், மொபைல் நம்பரைக் கூட்டிப் பார்ப்பார்கள், வீட்டுக் கதவு எண்ணையும் விட மாட்டார்கள். இன்னொரு பக்கம் படித்தவர்களிடமே சில எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன: பெரிய எண் என்றால் நிறைய எண்களால் வகுபடும், 1, 3, 7, 9-இல் முடிகிற எண் ஏறக்குறைய எல்லாமே பகா எண்தான், பெரிய பகா எண்ணைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டராலேயே முடியாது, அதனால்தான் பேங்க் விவகாரமெல்லாம் இணையத்தில் பத்திரமாக இருக்கிறது. மூன்றுமே தவறு. மூன்றாவதில் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் அதைத் திருத்துவதுதான் கஷ்டம்.

ஒரு எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினால் எளிதாக இருக்கும். நாகர்கோவில் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 629001. அஞ்சல்துறை 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடைக் கொண்டுவந்தபோது யாரும் கணிதத்தை நினைத்து இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதல் 6 தமிழ்நாடு, கேரளப் பகுதியைக் குறிக்கிறது, 629 என்று சேர்த்தால் நம் கன்னியாகுமரி மாவட்டம். தற்செயலாக வந்த எண் என்பதாலேயே இது நமக்கு நல்ல உதாரணம். ஆறு இலக்கம், பேப்பர் பேனா போதும்.

கூட்டு எண் உண்மையில் எதைச் சொல்கிறது?

6 + 2 + 9 + 0 + 0 + 1 = 18. மறுபடி கூட்டினால் 1 + 8 = 9. உடனே "ஒன்பதா, நல்ல நம்பராச்சே" என்பார்கள். சரி, இந்த 9 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

629001 என்று எழுதும்போது நாம் சொல்வது இதுதான்: ஆறு லட்சம், இரண்டு பத்தாயிரம், ஒன்பது ஆயிரம், ஒரு ஒன்று. ஒரு லட்சம் என்பது 99999 + 1. பத்தாயிரம் என்பது 9999 + 1. ஆயிரம் 999 + 1. இந்த 99999, 9999, 999 எல்லாமே 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டால் ஒவ்வொரு லட்சத்துக்கும் ஒரு 1, ஒவ்வொரு பத்தாயிரத்துக்கும் ஒரு 1 என்று மிஞ்சும். மிஞ்சியதை எல்லாம் சேர்த்தால் 6 + 2 + 9 + 1, அதாவது இலக்கங்களின் கூட்டுத்தொகை. கூட்டு எண் என்று நாம் சொல்வது அந்த எண்ணை 9-ஆல் வகுத்தால் வருகிற மீதி, அவ்வளவே. கூட்டு எண் 9 என்றால் மீதி இல்லை, 9-ஆல் சரியாக வகுபடும் என்று பொருள். வரிசையாக எந்த ஒன்பது எண்களை எடுத்தாலும் அதில் ஒன்று இப்படி இருந்தே தீரும்.

இது நாம் பத்து பத்தாக எண்ணுவதால் கிடைப்பது. கம்ப்யூட்டர் இரண்டு இரண்டாக எண்ணுகிறது; 0, 1 என்ற இரண்டு இலக்கங்களை மட்டும் வைத்து எழுதும் அந்த முறைக்கு இரும எண் முறை என்று பெயர். அதில் 629001-ஐ எழுதினால் 10011001100100001001. இந்த இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், 8 வருகிறது. அதே எண், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. எழுதிய முறை மாறியதும் 9 போய் 8 வந்துவிட்டது. நம்பிக்கை வைத்திருப்பவர்களிடம் சண்டைக்குப் போக நான் இதைச் சொல்லவில்லை. இலக்கங்களைக் கூட்டி வருவது எழுத்துமுறையின் குணம் என்பதும், எண்ணின் குணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் தெளிவாகப் புரியும்.

தேங்காயை அடுக்கிப் பார்த்தால்

எப்படி எழுதினாலும் மாறாத குணம் என்று ஏதாவது இருக்கிறதா? இருக்கிறது. ஈத்தாமொழிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். 12 தேங்காய் இருந்தால் ஒரு வரிசைக்கு 4 வீதம் 3 வரிசை அடுக்கலாம், 6 வீதம் 2 வரிசை அடுக்கலாம், ஒரே நீள வரிசையாகவும் போடலாம். எதிலும் ஒன்றுகூட மிஞ்சாது. 13 தேங்காய் என்றால் ஒரே நீள வரிசையைத் தவிர வழியில்லை. இரண்டு வரிசையாகப் போட்டால் ஒன்று மிஞ்சும், மூன்று வரிசையாகப் போட்டாலும் ஒன்று மிஞ்சும், நான்கு வரிசையிலும் ஒன்று மிஞ்சும், ஐந்து வரிசை என்றால் மூன்று மிஞ்சும். தேங்காயை எண்ணுகிறவர் தமிழில் எண்ணினாலும் மலையாளத்தில் எண்ணினாலும், பத்தில் எண்ணினாலும் இரண்டில் எண்ணினாலும் இது மாறப்போவதில்லை.

மிச்சமில்லாமல் வகுக்கிற எண்ணைக் காரணி என்கிறோம். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத, 1-ஐ விடப் பெரிய எண் பகா எண். 13 அப்படிப்பட்டது. வேறு காரணி உள்ளது பகு எண். இவ்வளவுதான் சொற்கள்.

ஒரு பகு எண்ணை உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் பகா எண்கள் மட்டுமே நிற்கும். 12-ஐ 3 × 4 என்று உடைத்தாலும் 2 × 6 என்று உடைத்தாலும் முடிவில் 2 × 2 × 3-தான். எந்த வழியில் உடைத்தாலும் அதே பகா எண்கள், அதே எண்ணிக்கையில் வரும். பள்ளிக்கூடத்தில் இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம், ஆனால் முழு எண்களைப் பற்றிய மிக ஆழமான உண்மை இதுதான். இதற்கு எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்றே பெயர். ஒரு எண்ணின் காரணிகள், அது வர்க்க எண்ணா, இன்னொரு எண்ணோடு அதற்கு என்ன உறவு என்பதெல்லாம் இந்த உடைப்பிலிருந்தே வருகின்றன.

இதுவரை: இலக்கங்களின் கூட்டுத்தொகை எழுத்துமுறையைப் பொறுத்தது. பகாக் காரணிகள் எண்ணுக்கே உரியவை.

629001-ஐ உடைப்போம்

கூட்டு எண் 9 என்று ஏற்கெனவே தெரியும், ஆக அது இங்கே நமக்கு உருப்படியான வேலை ஒன்றைச் செய்கிறது: 629001 ÷ 9 = 69889. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 40, ஆகவே இனி 3 போகாது. 1-இல் முடிகிற எண்ணை 9-ஆல் வகுத்து 9-இல் முடிகிற எண் வந்திருக்கிறது, ஆக 2, 5 இரண்டும் இல்லை.

இனி ஒவ்வொரு பகா எண்ணாக முயல வேண்டும். 7-ஆல் வகுத்தால் 9984 முறை போய் 1 மிஞ்சுகிறது. 13-ஆல் வகுத்தால் 5376 முறை போய் அதிலும் 1 மிஞ்சுகிறது. மயிரிழையில் தப்பித்துக்கொண்டே போகிறது. 11, 17, 19, 23, 29, 31, 37, 41, 43 எதுவும் சரிவரவில்லை. பாதிப் பேர் இந்த இடத்தில் "இது பகா எண்தான்" என்று பேனாவை மூடிவிடுவார்கள். அடுத்தது 47. 47 × 1487 = 69889. உடைந்துவிட்டது.

1487 இன்னும் உடையுமா? இங்கே ஒரு அழகான குறுக்குவழி இருக்கிறது. ஒரு எண் உடைகிறது என்றால் இரண்டு துண்டில் சிறியது அந்த எண்ணின் வர்க்கமூலத்தைத் தாண்டாது. இரண்டும் தாண்டினால் பெருக்கல் அந்த எண்ணையே தாண்டிவிடுமே. 47 × 47 = 2209, இது 1487-ஐ விடப் பெரியது. ஆக 1487 உடைவதாக இருந்தால் 47-க்குக் கீழே ஒரு பகா எண் அதை வகுத்திருக்க வேண்டும். அவற்றையெல்லாம் 69889-இல் முன்பே முயன்று தோற்றுவிட்டோம். எனவே 1487 பகா எண், மேற்கொண்டு ஒரு வகுத்தல்கூடத் தேவையில்லை.

629001 = 3 × 3 × 47 × 1487.

இதை வைத்து எத்தனை காரணிகள் என்று எண்ணாமலே சொல்லலாம். ஒரு காரணியை உருவாக்கும்போது 3-ஐ எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம்: மூன்று வழி. 47-ஐ எடுக்கலாம், விடலாம்: இரண்டு வழி. 1487-க்கும் இரண்டு வழி. 3 × 2 × 2 = 12. ஆறு லட்சத்தைத் தாண்டிய எண்ணுக்கு மொத்தமே 12 காரணிகள். சின்னஞ்சிறு 60-க்கும் 12 காரணிகள்தான்.

பக்கத்து வீட்டு எண்கள்

ஒன்று குறைத்து 629000-ஐ எடுங்கள். 629 = 17 × 37, ஆயிரம் என்பது மூன்று 2-உம் மூன்று 5-உம். மேலே செய்த அதே கணக்கில் 2 × 2 × 4 × 4 = 64 காரணிகள்.

அப்புறம் 629003. இதுவும் நாகர்கோவில் பின்கோடுதான். இதன் வர்க்கமூலம் 793-ஐச் சற்றே தாண்டுகிறது, எனவே 793 வரை உள்ள 138 பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தால் போதும். பொறுமையாக வகுத்தால் ஒன்றுகூடப் போகாது. 629003 ஒரு பகா எண்; 1-உம் தானும் என இரண்டே காரணிகள்.

629000-க்கு 64, 629001-க்கு 12, 629003-க்கு 2. கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள எண்கள்தான், ஆனால் உள்ளே இருப்பது முற்றிலும் வேறு. அளவைப் பார்த்துக் குணத்தைச் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியுமா என்று தெரியவில்லை. கடைசி இலக்கத்தை நம்பியும் பயனில்லை: குளச்சலின் 629251, 1-இல் முடிகிறது, பார்க்கப் பகா எண் போலவே இருக்கிறது, ஆனால் 7 × 241 × 373. தக்கலையின் 629175 ஐந்தில் முடிவதால் நம்மை ஏமாற்றவில்லை, அது 3 × 5 × 5 × 8389.

உடைக்காமலே தெரிகிற ஒரு உறவு

இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்ணை மீப்பெரு பொதுக் காரணி என்கிறோம், சுருக்கமாக மீ.பெ.கா. இதைக் கண்டுபிடிக்க இரண்டையும் பகாக் காரணிகளாக உடைக்க வேண்டும் என்று பள்ளியில் பழகியிருப்போம். தேவையில்லை. யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன வழி: பெரியதைச் சிறியதால் வகு, மீதியை எடு, முன்பு வகுத்த எண்ணை அந்த மீதியால் வகு, மீதி இல்லாமல் போகும்வரை தொடர்.

கன்னியாகுமரியில் கடலுக்குள் நிற்கிற திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதில் சிலை 95 அடி, பீடம் 38 அடி. 133-ஐ 95-ஆல் வகுத்தால் மீதி 38. 95-ஐ 38-ஆல் வகுத்தால் மீதி 19. 38-ஐ 19-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆக மீ.பெ.கா 19. பீடம் இரண்டு பத்தொன்பது, சிலை ஐந்து பத்தொன்பது, மொத்தம் ஏழு. அதிகாரங்களின் எண்ணிக்கைக்காக வைத்த அளவுகள் இவை, அறத்துப்பால் 38, மற்ற இரண்டும் சேர்ந்து 95. அதற்குள் 19 தானாக வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

இந்த வழி நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களுக்கும் நொடியில் வேலை செய்யும். இதை நினைவில் வையுங்கள்: பெரிய எண்ணில் சில வேலைகள் மிக எளிது, சில வேலைகள் மிகக் கடினம். எது எளிது, எது கடினம் என்பதில்தான் பெரும்பாலோர் குழம்புகிறார்கள்.

மீ.பெ.கா பற்றிப் பேசும்போது ஒருவரைச் சொல்லாமல் போக மனமில்லை. எஸ்.எஸ். பிள்ளை என்று கணித உலகம் அறிந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-இல் குற்றாலம் அருகே வல்லத்தில் பிறந்தவர், நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பிறகு திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்றவர். ஒரு எண்ணை ஆறு தடவை எழுதிப் பெருக்கினால் வருவது அதன் ஆறாம் அடுக்கு; எந்த முழு எண்ணையும் இப்படிப்பட்ட அடுக்குகள் அதிகபட்சம் 73-இன் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவியவர். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். இந்த மாவட்டத்துக் கல்லூரியில் படித்தவரின் பெயர் எண்கணிதப் பாடத்தில் நிலைத்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை.

அவர் 1933-இல் ஆராய்ந்த ஒரு கூட்டுத்தொகையை இன்று பிள்ளை சார்பு என்கிறார்கள். ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், 6 என்று வைப்போம். 1, 2, 3, 4, 5, 6 ஒவ்வொன்றுக்கும் 6-க்கும் உள்ள மீ.பெ.கா-வை எழுதுங்கள்: 1, 2, 3, 2, 1, 6. கூட்டினால் 15. இதையே 7-க்குச் செய்தால் ஆறு ஒன்றுகளும் ஒரு ஏழும், மொத்தம் 13. ஏழு பெரிய எண், ஆனால் கூட்டுத்தொகை சிறியது, ஏனென்றால் அது பகா எண், மற்றவற்றோடு பங்குபோட அதனிடம் எதுவும் இல்லை. நம் பின்கோடுகளில் போட்டால் 629003-க்கு 1258005. அதைவிட இரண்டு குறைவான 629001-க்கு 5806269, நான்கு மடங்குக்கும் மேல். எண்ணின் உள்ளமைப்பு இப்படித்தான் வெளியே தெரிகிறது.

பகா எண்ணா என்று எப்படிச் சோதிப்பது?

138 முறை வகுத்து 629003-ஐ முடித்தோம். நூறு இலக்க எண் என்றால்? அதன் வர்க்கமூலமே ஐம்பது இலக்கம். அதுவரை ஒவ்வொன்றாக வகுப்பது உலகத்தில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்ந்தாலும் நடக்காது. ஆனால் நூறு இலக்க எண் பகா எண்ணா என்பதை உங்கள் போன்கூட நொடியில் சொல்லிவிடும். வகுத்துப் பார்க்காமலேயே.

பியர் டி ஃபெர்மா 1640-இல் கண்ட உண்மை இது. 2-ஐத் தவிர்த்த ஏதாவது ஒரு பகா எண்ணை எடுங்கள். அதைவிட ஒன்று குறைவான தடவை 2-ஐ அடுக்கிப் பெருக்குங்கள். வந்ததை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1. உதாரணமாக 7: ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64, அது 9 × 7 + 1. சரியாக வருகிறது. இப்போது 9: எட்டு இரண்டுகளைப் பெருக்கினால் 256, அது 28 × 9 + 4. மீதி 4. ஆகவே 9 பகா எண் இல்லை.

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 9 பகா எண் இல்லை என்று நிரூபித்துவிட்டோம், ஆனால் 3 என்ற காரணி எங்கேயும் வரவில்லை. அது உடையும் என்பது தெரிந்துவிட்டது. எப்படி உடையும் என்பது தெரியவில்லை. மொத்தக் கட்டுரையும் இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

629003-ஐ இப்படிச் சோதிக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட இரண்டுகளைப் பெருக்குவது பெரிய வேலையாகத் தோன்றலாம். இல்லை. 2-ஐ வர்க்கம் செய்தால் 4, அதை வர்க்கம் செய்தால் 16, பிறகு 256, பிறகு 65536. ஒவ்வொரு வர்க்கத்திலும் அடுக்கு இரட்டிக்கிறது. எண் பெருத்துப்போகாமல் ஒவ்வொரு படியிலும் 629003-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இப்படி 19 வர்க்கங்கள், இடையே சில இரட்டிப்புகள், வேலை முடிந்தது. மீதி 1 வருகிறது. நூறு இலக்க எண்ணுக்கும் ஏறக்குறைய 330 வர்க்கங்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. மீதி 1 வராவிட்டால் நிச்சயமாகப் பகு எண். 1 வந்தால் நிச்சயமாகப் பகா எண் என்று சொல்ல முடியாது. 341-ஐப் பாருங்கள்: பத்து இரண்டுகளின் பெருக்கம் 1024, அது 3 × 341 + 1. மீதி 1. 340 என்பது 34 பத்துகள், எனவே 340 இரண்டுகளைப் பெருக்கினாலும் மீதி 1-தான். ஆனால் 341 = 11 × 31. இரண்டுக்குப் பதில் மூன்றை வைத்துச் சோதித்தால் 341 மாட்டிக்கொள்ளும். ராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 இன்னும் கெட்டிக்காரன்: அது 7 × 13 × 19, அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1 வரும். காரணம், 7, 13, 19 மூன்றிலும் ஒன்று குறைத்தால் வரும் 6, 12, 18 எல்லாமே 1728-ஐச் சரியாக வகுக்கின்றன.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னால் வந்தவர்கள் சோதனையை இறுக்கினார்கள். மில்லரும் ரபினும் 1976, 1980 ஆண்டுகளில் கொடுத்த வடிவம் இன்று எங்கும் பயன்படுகிறது. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், தன் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரோடும் சேர்ந்து, சந்தேகத்துக்கே இடமில்லாத, எண் எவ்வளவு பெரிதானாலும் நேரம் கட்டுக்குள் நிற்கிற ஒரு சோதனையைக் கொடுத்தார். பகா எண்ணா என்ற கேள்வி, கோட்பாட்டளவில் எளிய கேள்வி என்று அன்றைக்கு உறுதியானது.

இதுவரை: பகா எண்ணா என்று பார்ப்பது எளிது. மீ.பெ.கா காண்பது எளிது. உடைப்பதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

உடையும் என்று தெரியும், எப்படி என்று தெரியாது

2-ஐ 67 தடவை பெருக்கி 1 கழித்தால் 147573952589676412927. இருபத்தொரு இலக்கம். 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இது பகா எண் என்று எழுதிவைத்தார். 1876-இல் லூகாஸ் இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஃபெர்மா சோதனையைப் போலவே அவருடைய வழியும் காரணியைக் காட்டவில்லை. 27 ஆண்டுகள் கணித உலகமே இது உடையும் என்று அறிந்திருந்தது, ஒருவருக்கும் உடைக்கத் தெரியவில்லை. 1903-இல் அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் என்பவர் கரும்பலகையில் 193707721 × 761838257287 என்ற பெருக்கலைப் போட்டுக் காட்டினார். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின என்று சொல்வார்கள்.

அந்தப் பெருக்கலைச் சரிபார்க்க உங்களுக்கு ஒரு தாளும் அரை மணி நேரமும் போதும். நானே போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. பெருக்குவதற்கு அரை மணி, திரும்ப உடைப்பதற்கு மூன்று வருட ஞாயிறுகள்: பேங்க் பாதுகாப்புக்கு உதவுவது இந்த வித்தியாசம்தான். பகா எண்ணைக் கண்டுபிடிப்பது கடினம் என்ற பேச்சு தவறாகிற இடம் இங்கேதான். பெரிய பகா எண்களைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இந்த முறையே ஓடாது. ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆர்எஸ்ஏ முறையில் இரண்டு பெரிய பகா எண்களைத் தேடி எடுத்துப் பெருக்குகிறார்கள். பெருக்கி வந்த எண்ணை ஊருக்கே காட்டலாம், அதை வைத்து யார் வேண்டுமானாலும் செய்தியை மறைத்து அனுப்பலாம். திறந்து படிக்க மட்டும் அந்த இரண்டு பகா எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரியது என்றால் எவ்வளவு பெரியது?

629001 ஆறு இலக்கம், பேனாவுக்கே உடைந்தது. கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துவிடும். 1977-இல் சவாலாக வெளியிடப்பட்ட 129 இலக்க எண் 1994-இல் உடைந்தது, அதற்கு சுமார் 600 தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்கள் மாதக்கணக்கில் ஓடின. 250 இலக்க எண் ஒன்று 2020-இல் உடைந்தது. 617 இலக்கம் கொண்ட ஆர்எஸ்ஏ-2048 என்ற எண் பொதுவெளியில் கிடைக்கிறது. அது இரண்டு பகா எண்களின் பெருக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், அவை எவை என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இதோடு ஒப்பிட, பகா எண் பக்கம் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் பாருங்கள்: 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, அதுவரை தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண், 2-ஐ 136279841 தடவை பெருக்கி 1 கழித்தது, 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் கொண்டது. நாலு கோடி இலக்க எண்ணைப் பகா எண் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது, அறுநூற்றுச் சொச்சம் இலக்க எண்ணை உடைக்க முடியவில்லை. இத்தனை பெரிய எண்ணைச் சோதிக்க முடிவதற்கு அதன் விசேஷ வடிவமும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உடைப்பது என்றைக்குமே கடினமாக இருக்கும் என்று யாரும் நிரூபித்ததில்லை. வேகமான வழி இதுவரை அகப்படவில்லை என்பதே நிலை. போதிய அளவு பெரிய குவாண்டம் கம்ப்யூட்டர் கட்டப்பட்டால் அதில் எண்களை வேகமாக உடைக்கலாம் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். அப்படிப்பட்ட இயந்திரம் இன்னும் வரவில்லை. வருவதற்கு முன்பே மாறிக்கொள்வதற்காக, காரணிப்படுத்தலை நம்பாத புதிய முறைகளை அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது, மென்பொருள்களும் இணையதளங்களும் ஒவ்வொன்றாக அவற்றுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன.